கண்ணாடியில் ஊறிய கடல்

கடலை விட்டு ரெயினில் அரை மணித்தியாலம் உள்ளே தள்ளியிருக்கிற ஓக்லியில், கிரேக்கச் சனங்களின் கோயில் மண்டபத்துக்குக் கீழே, யன்னல் இல்லாத ஒரு நிலவறைக்குள், படம் பிடித்துக் கொம்பியூட்டருக்குள் ஏற்றுகிற ஸ்கானர் மெசினின் கண்ணாடியில் கடல் வந்தது. அது வந்த அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம், கண்ணாடி துடைக்கிற துணி என்னுடைய கையில்தான் இருந்தது, ஆகவே இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் பெயர் மகதலேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். மகள் டிலானியோடு டன்டினோங்கில் இருக்கிறேன், கடைக்குட்டி பாரிசில் இருக்கிறான். மூத்தவன் நிமலனை, அவனுக்குப் பத்தொன்பது வயது நடந்த ஒரு வைகாசி மாதம், ஒரு பாலத்தின் முடிவில் வைத்து, பெயரைப் பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று சொல்லி ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் திரும்பும்போது பின் கண்ணாடியால் கையைக் காட்டினான், நீங்கள் சாப்பிட்டுவிட்டு இருங்கோ, நான் வாறன் என்கிற மாதிரி. அந்த பஸ் பதினைந்து வருசமாய் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மண்டபத்தில் எனக்குச் செவ்வாயும் வியாழனும் வேலை. மேலே நிலம் துடைத்து, கதிரைகளை அடுக்கி, மலசலகூடம் கழுவி முடிந்தால் கீழே இறங்குவேன். அந்தச் சனங்கள் அறுபது எழுபது வருசத்துக்கு முன்னம் கப்பல் கப்பலாய் வந்து இறங்கியவர்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கண்ணை மூட, செத்தவீடு முடிந்த கிழமையே அவர்களின் அல்பங்களும் கடிதங்களும் தெருவோரத்துக் குப்பைப் பெட்டிக்குள் கிடந்தன, ஏனென்றால் பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது, படத்தில் நிற்பவர் யாரென்றும் தெரியாது. அதனால் கோயில் சபை கூடி, படம், பாஸ்போர்ட், கப்பல் ரிக்கற், கடிதம் எல்லாவற்றையும் கொம்பியூட்டருக்குள் ஏற்றி, உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற பேரப்பிள்ளையும் பெயரைத் தட்டினால் முகம் வரும்படி செய்வது என்று தீர்மானித்தது, முப்பத்தொரு வருசம் ட்ராம் ஓட்டி இளைப்பாறிய பனாயோத்திஸ் அண்ணையை அதற்குப் பொறுப்பாக வைத்தது. அவர் மெசினின் மூடியை ட்ராம் கதவு மாதிரி மெதுவாய் மூடுவார், இடமும் வலமும் பார்ப்பார், பிறகுதான் பொத்தானை அமத்துவார்.

"ஆர் அண்ணை குறுக்கை வரப்போகினம்?" என்று கேட்பேன்.

"பழக்கம், மக்தலினி. இதுக்குள்ளை எத்தினை சனம் ஏறி இறங்குது பார்," என்பார்.

எங்களுக்குப் பொதுவாய் இருந்தது உடைந்த இங்கிலீஷ்தான். அதை நான் எனக்கு விளங்கின மாதிரி என்னுடைய தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கண்ணாடியை ஒருதரம் துடைக்க வேண்டும், தூசி ஒன்று கிடந்தாலும் படத்தில் மரு மாதிரி விழும். அது என் வேலை. படத்தில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், ஊர், வந்த கப்பல், வந்த வருசம் எல்லாம் எழுதி, கடைசியில் உயிரோடு இருப்பவரா, காலஞ்சென்றவரா என்று இரண்டு கட்டங்களில் ஒன்றில் அடையாளம் போட வேண்டும். அது பனாயோத்திஸ் அண்ணையின் வேலை.

கடல் வந்தது ஸ்தமாத்தியா அக்காவின் கலியாணப் படத்தில். எண்பத்தாறு வயது, நான் அக்கா என்று கூப்பிட்டதில் அவருக்கு நல்ல புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளையின் படத்தை மட்டும் பார்த்துச் சம்மதித்து, அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கப்பலால் இறங்கி, துறைமுகத்தில் நின்ற ஆம்பிளைகள் எல்லாருடைய முகத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தவர். "படத்திலை தொப்பி போட்டிருந்தார், பிள்ளை. கழட்டினாப் பிறகுதான் எனக்கு விசயம் தெரிஞ்சது. கப்பல் திரும்பிப் போயிட்டுது," என்று தலையைத் தடவிக் காட்டுவார். அந்தத் தொப்பிக்காரர் செத்துப் பன்னிரண்டு வருசம். படத்தைக் கண்ணாடியில் வைத்து, அண்ணை இடமும் வலமும் பார்த்து, பொத்தானை அமத்தி, வெளிச்சம் போய் வந்து, மூடியைத் திறந்து படத்தை எடுத்தால், மாப்பிள்ளையின் முகம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் நின்றது. படம் நனையவில்லை. பொம்பிளையின் முகம் இருந்த இடமும் காய்ந்து கிடந்தது.

"வடிவாய்த் துடைக்கேல்லை, மக்தலினி," என்றார் அண்ணை.

துடைத்தேன். திரும்ப வைத்தார். திரும்ப நின்றது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அழுது அழுது கண்ணீரின் உப்பும் தெரிந்தவள் நான், கடலோரத்தில் வளர்ந்து கடலின் உப்பும் தெரிந்தவள்; இது கடல். ஸ்தமாத்தியா அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மனிசனுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. வழி முழுக்கச் சத்தி எடுத்ததாம்," என்று மட்டும் சொன்னார்.

முதலில் கூரை ஒழுகுகிறது என்றார்கள், கூரைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு மண்டபமே இருந்தது. பிறகு குழாய்க்காரன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பிறகு மெசினை மாற்றினார்கள், புது மெசினும் அதையே செய்தது. பிறகு கோயில் சுவாமி வந்து, கறுப்பு அங்கியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, தன் தாயின் படத்தை வைக்கச் சொல்லி, ஊறிய தண்ணீரை விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, இதைப் பற்றிப் பிரசங்கம் வைக்க மாட்டேன், நீங்களும் பேப்பர்காரருக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதோடு அது அவர்களுக்குப் பழகிப்போனது. செத்தவர்களுக்கு ஊறும், இருப்பவர்களுக்கு ஊறாது, கூட்டமாய் நிற்கிற படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாய்ச் சொல்லும், குழந்தையின் முகம் என்றால் ஒரு துளி, பெரிய மீசைக்காரர் என்றால் கிண்ணத்தில் ஏந்த வேண்டியிருக்கும். காலமை இருப்பவர்களின் படங்கள், மத்தியானத்துக்குப் பிறகு செத்தவர்களின் படங்கள் என்று நேரம் பிரித்தார்கள். மேசையின் கீழே ரப்பர் விரிப்புப் போட்டார்கள். துவாய்கள் கொண்டுவந்து தந்தார்கள், நான் துடைத்துப் பிழிந்து மண்டபத்துப் பின்வளவில் கொடியில் போட்டேன், காய்ந்ததும் அவை உப்புப் பூத்து கருவாட்டுச் சாக்கு மாதிரி விறைத்து நின்றன. சிலர் சிறிய போத்தல்களில் தண்ணீரைச் சேர்த்துப் புருசனின் பெயரை ஒட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதில் உருளைக்கிழங்கு அவித்த ஒரு மனிசியை மற்றப் பெண்கள் மூன்று கிழமை கதைக்காமல் விட்டார்கள்.

மனோலிஸ் என்கிற தொண்ணூறு வயதுக் கிழவர் ஒவ்வொரு வியாழனும் வந்து தன் படத்தையே வைக்கச் சொல்லிப் பார்ப்பார்.

"காய்ஞ்சுதான் கிடக்கு," என்பார் பனாயோத்திஸ் அண்ணை.

"இந்த வியாழனும் இல்லையே. கறுப்புச் சட்டை வாங்கி வைச்சு ரெண்டு வருசம், எனக்கு இப்ப இடுப்பு பத்தாது," என்பார் அவருடைய மனிசி.

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அதே கண்ணாடிதான், ஊரில் இருக்கிற தங்கைச்சி நல்ல சுகம், இப்போது நித்திரை, நாளைக்குக் கதைப்பா என்று உறவினர்கள் இரண்டு வருசமாய்ப் போனில் சொன்னது பொய் என்று ஒரு மனிசிக்குக் காட்டியது; காணிச் சண்டையில் முகம் பாராமல் பிரிந்த தமையனை அடுத்த கோடைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நாற்பது கோடை தள்ளிப்போட்ட ஒரு மனிசனுக்கு, இனி எந்தக் கோடையும் இல்லை என்று காட்டியது. சனங்கள் சண்டை பிடித்தார்கள், மெசினை உடைக்க வேண்டும் என்றார்கள், பிறகு அடுத்த கிழமை வேறொரு படத்தோடு வந்தார்கள். சபை ஒரு பின்னேரம் கூடி, போன் எடுத்து விசாரித்து மினைக்கெடத் தேவையில்லை, இரண்டு கட்டங்களில் எதில் அடையாளம் போடுவது என்பதற்குக் கண்ணாடியே போதுமான சாட்சி என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தது.

என்னிடமும் ஒரு படம் இருந்தது. கண்ணாடியை ஒரு நாளைக்கு எண்பது தரம் துடைக்கிற கை என்னுடையது. அந்தக் கையை நான் என் செபப்புத்தகத்துக்குள் ஒருதரமும் விடவில்லை.

ஸ்தமாத்தியா அக்காவுக்கு லாம்ப்ரோஸ் என்று ஒரு தம்பி. அவர்களின் நாட்டில் ஆளையாள் கொன்றுகொண்டிருந்த காலத்தில், மலையால் இறங்கி வந்தவர்கள் அவனை ஒன்பது வயதில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் இருந்த படம் ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடத்து வாசலில் இருபத்திரண்டு பிள்ளைகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம். அந்த அறைக்கு வந்த நாள் தொட்டு அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தவர், ஒரு வியாழன், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையை வைத்துவிட்டு, "வை," என்று எடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறந்தபோது பதினேழு சின்னத் துளிகள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நாலாவது இடத்தை அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கோதுமை அவித்தார்.

அது அவர்களின் முறை. செத்தவர்களுக்குக் கோதுமையை அவித்து ஈரம் போக உலர்த்தி, மாதுளை முத்தும் வாதுமையும் முந்திரிவத்தலும் கலந்து, தட்டில் குவித்து, மேலே மாச்சீனியை வெள்ளைச் சேலை மாதிரி மூடி, அதன்மேல் வெள்ளி நிற மிட்டாயால் சிலுவையும் செத்தவரின் பெயரின் முதல் எழுத்தும் பதிப்பார்கள். கோயிலில் சுவாமி பெயரை வாசிப்பார். பிறகு எல்லாரும் அதைத் தின்று, கடவுள் அவரை மன்னிப்பாராக என்பார்கள். தின்று முடித்தால்தான் அந்த ஆத்துமா செத்ததாய் முடியும்.

லாம்ப்ரோசின் கோதுமையைத் தின்ற பிறகு அக்காவின் முகம் மாறிப்போனது. முழங்கால் வலி குறைந்தது. கோயிலுக்குச் சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு வந்தார்.

"கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு வாசல் லைட்டை நிப்பாட்டினதில்லை, பிள்ளை. அவன் அட்ரஸ் விசாரிச்சு வந்தாலும் எண்டு. போன கிழமை நிப்பாட்டினன். வீடு எவ்வளவு இருட்டு, எவ்வளவு சுகம் எண்டு உனக்குச் சொல்லேலாது."

"நல்லது அக்கா," என்றேன்.

"உன்னட்டையும் படம் இருக்கெல்லோ."

"இருக்கு."

"கண்ணாடியும் இஞ்சைதான் இருக்கு."

"இருக்கட்டும்."

"என்னத்துக்குப் பயப்பிடுறாய்? காய்ஞ்சு கிடந்தால் பிளேனுக்கு ரிக்கற் எடுத்துக்கொண்டு போய்த் தேடு. நனைஞ்சால் கோதுமை அவி. எதெண்டாலும் உனக்கு ஒரு வேலை இருக்கும். இப்ப உனக்கு ஒரு வேலையும் இல்லை."

"எனக்கு வேலை இருக்கு அக்கா. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அது வேலை இல்லை, என்ரை பிள்ளை. அது நோய். எனக்கு எழுபத்தைஞ்சு வருசம் இருந்தது, எனக்குத் தெரியாதோ."

நான் துவாயைப் பிழிந்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. மாதாவே, எனக்கு அறிவு வேண்டாம், பிள்ளை வேண்டும் என்றுதான் நான் ரெயினில் போய் வரும்போதெல்லாம் மன்றாடினேன்.

வருசத்தில் இரண்டு தரம் அவர்களுக்கு ஆத்துமாக்களின் சனி வரும். அதற்கு முதல் எல்லாருக்கும் ஒரு கடதாசித் துண்டு கொடுப்பார்கள், ஒரு பக்கம் இருப்பவர்களின் பெயர், மறுபக்கம் இறந்தவர்களின் பெயர், சுவாமி இரண்டையும் சத்தமாய் வாசிப்பார். அன்பான சனங்கள், எனக்கும் ஒன்று தந்தார்கள். இறந்த பக்கத்தில் என் அம்மா, ஐயா, புருசன். இருப்பவர் பக்கத்தில் டிலானி, கடைக்குட்டி, நிமலன். துண்டை வாங்கிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஸ்தமாத்தியா அக்கா என்னிடம் நிமலனின் படம் ஒன்று கேட்டார். "சுரூபத்தட்டிலை விளக்குக்குப் பக்கத்திலை வைக்கிறன். இருக்கிறவைக்கும் விளக்கு எரிக்கலாம்தானே," என்றார். அவனைத் தேடித் தரச் சொல்லி எழுதிய முறைப்பாட்டுக் கடிதங்களோடு இணைக்கவென்று டிலானி எடுப்பித்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள் மிச்சம் இருந்தன. ஒன்றைக் கொடுத்தேன். கொடுத்தது நான்தான், ஒருவரும் பறிக்கவில்லை.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு கிழமை எழும்பவில்லை.

ஆத்துமாக்களின் சனியன்று காய்ச்சல் முழுதாய் விட முன்னமே வெளிக்கிட்டேன். அன்றைக்குப் பார்த்து ரெயினுக்குப் பதிலாய் பஸ் விட்டிருந்தார்கள், அது ஒவ்வொரு நிலையத்துக்கும் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர, கோயிலில் பூசை முடிந்து, தட்டுகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, பெண்கள் கோதுமையைச் சின்னக் கடதாசிப் பைகளில் போட்டுப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது தட்டு இருக்கும். யன்னலோரத் தட்டொன்றில் N என்ற எழுத்துப் பாதி அள்ளுப்பட்டுக் கிடந்தது. நிக்கோஸ் என்று நினைத்தேன், அவர்களில் எத்தனையோ நிக்கோஸ். அப்போது மனோலிஸ் கிழவரின் மனிசி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, மாச்சீனி ஒட்டிய வாயால் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, "கடவுள் அவனை மன்னிப்பாராக," என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருவர். கலியாணவீட்டில் வரிசையாய் வருகிற மாதிரி வந்தார்கள். எல்லாருடைய வாயும் மென்றுகொண்டிருந்தது. அவர்களின் தோளுக்கு மேலால்தான் நான் அந்தத் தட்டைத் திரும்பப் பார்த்தேன். மெழுகுதிரியில் சாய்த்து, பாஸ்போர்ட் அளவில், என்ரை பிள்ளை இருந்தான்.

ஸ்தமாத்தியா அக்கா என் இரண்டு கையையும் பிடித்தார். "நீ வருத்தமாய்க் கிடந்தாய். நாங்கள்தான் வைச்சுப் பாத்தம், நனைஞ்சுது. தெரிஞ்ச பிறகும் பேர் வாசியாமல் விட்டால் அந்தப் பாவம் தெரிஞ்சவையின்ரை தலையிலை. நான் மூண்டு நாள் நிண்டு அவிச்சன். வாதுமை எல்லாம் நானே உரிச்சன், பிள்ளை." அவருடைய விரல் நுனிகள் தோல் உரிந்து சிவந்திருந்தன. அதைக் கண்டுவிட்டு எனக்குக் கோபிக்க முடியாமல் போனது. கோபித்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

சுவாமி பெயரை வாசித்துவிட்டார். சனம் தின்றுவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் தின்றதை அத்தனை பேரின் வயிற்றுக்குள்ளிருந்தும் நான் எப்படி எடுப்பது.

"கண்ணாடியை ஆர் துடைச்சது?" என்று கேட்டேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"நான் இல்லாத நேரம் கண்ணாடியை ஆர் துடைச்சது, அண்ணை? இவன்ரை படத்துக்கு முன்னம் என்ன படம் வைச்சனீங்கள்?"

"லாம்ப்ரோசின்ரை பள்ளிக்கூடப் படம்," என்றார் பனாயோத்திஸ் அண்ணை. "சிட்னியிலை இருந்து பெரிசாய் ஒரு பிரதி கேட்டவை. திரும்ப வைச்சனான். பிறகு உன்ரை மகன்." தன் கையைப் பார்த்தார். "துடைச்சதாய் ஞாபகம் இல்லை, மக்தலினி. துடைக்கிறது நீயெல்லோ."

ஸ்தமாத்தியா அக்கா தன் சால்வை நுனியைத் தூக்கிப் பார்த்தார், அதில் உப்பு இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. "நான் துடைச்சனோ," என்றார். "துடைச்சிருப்பன். துடைச்சிருப்பனோ."

மூன்று பேரும் கீழே இறங்கினோம். நான் துணியை எடுத்துத் துடைத்தேன், ஈரத்துணியால் ஒருதரம், உலர்ந்த துணியால் ஒருதரம், என் சேலைத் தலைப்பால் ஒருதரம். பதினைந்து வருசம் எதைச் செய்யமாட்டேன் என்று இருந்தேனோ, அதை என் கையாலேயே செய்தேன். படத்தைக் குப்புற வைத்தேன். அண்ணை மூடியை மூடினார். இடமும் வலமும் பார்க்கவில்லை. வெளிச்சம் போய் வந்தது.

கண்ணாடி காய்ந்திருந்தது.

தடவிப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அந்த நிமிசத்தில், பொய் சொல்லக்கூடாது, எனக்கு அவனுடைய வேர்வை மணம் வந்தது, பந்தடித்துவிட்டு வந்து குசினி வாசலில் நிற்கிற மணம். என்ன கறி சமைப்பது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

பனாயோத்திஸ் அண்ணை நேர்மையான மனிசன். அந்த நிமிசத்தை எனக்கு விட்டுவைத்திருக்கலாம், அவரால் ஏலாமல் போனது. மேசை இலாச்சியைத் திறந்து, தன் கையாலேயே மண் போட்டுப் புதைத்த தன் தாயின் படத்தை எடுத்து வைத்தார். காய்ந்திருந்தது. ஸ்தமாத்தியா அக்காவின் கலியாணப் படத்தை வைத்தார். தொப்பிக்காரரின் முகத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் உயிரோடு இருப்பவர்கள் மாதிரி, ஒருவரும் செத்ததே இல்லாத மாதிரி, காய்ந்து கிடந்தார்கள். கடல் போய்விட்டது. எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது. என் பிள்ளைக்கு ஊறிவிட்டுப் போனதா, லாம்ப்ரோசுக்கு ஊறிவிட்டு என் பிள்ளைக்கு முன்னமே போனதா என்று அந்தக் கண்ணாடியிடம் கேட்க இனி வழி இல்லை.

கொம்பியூட்டரில் அவனையும் தங்கள் குடும்பங்களில் ஒருவனாய் அண்ணை பதிந்து வைத்திருந்தார். பெயர், ஊர், எல்லாம் இருந்தது. காலஞ்சென்றவர் என்ற கட்டத்தில் அடையாளம் இருந்தது. அதை அழித்தார். "மற்றக் கட்டத்திலை போடட்டோ?" என்று என்னைப் பார்த்தார். நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன். இரண்டையும் வெறுமையாய் விட்டுச் சேமிக்கப் பார்த்தார். ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யவும் என்று சிவப்பு எழுத்து வந்தது. திரும்பவும் அமத்தினார், திரும்பவும் வந்தது. கடைசியில் அவர் கதிரையால் எழும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டில் மிச்சமிருந்ததைக் குடும்பத்துக்குக் கொடுப்பது அவர்களின் முறை. ஒரு பெரிய பையில் போட்டு என் கையில் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பெலன் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், மடிச்சூட்டில் இளஞ்சூடாய், பிள்ளையின் தலை மாதிரிப் பாரமாய் இருந்தது.

டிலானி சாப்பாட்டு மேசையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மத்தியான வெயில் விழுந்திருந்தது. பையை மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"கோதுமை. கிரேக்கச் சனங்கள் செத்தவைக்கு அவிக்கிறது."

"ஆருக்கு அவிச்சது?"

"அண்ணாவுக்கு அவிச்சுப்போட்டினம்," என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவையளுக்கு என்ன உரிமை, நான் போய்க் கேட்கிறன் என்று கார்ச் சாவியைத் தூக்குவாள் என்று நினைத்தேன், அதற்குப் பதில் சொல்லி அவளைத் தணிக்க வசனமும் யோசித்து வைத்திருந்தேன். அவள் மடித்த சட்டையை மெதுவாய்க் கீழே வைத்தாள். குசினிக்குள் போய் ஒரு கோப்பையும் கரண்டியும் எடுத்துவந்தாள். கதிரையை இழுத்து இருந்து, சிலுவை அடையாளம் போட்டு, ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்து மென்றாள். பழக்கப்பட்ட காரியம் மாதிரி மென்றாள்.

"நான் ஒவ்வொரு வைகாசியும் ஆத்துமப் பூசை ஒப்புக்குடுக்கிறனான் அம்மா," என்றாள். "இஞ்சை இல்லை, உங்களுக்குத் தெரிஞ்சுபோடுமெண்டு தூரத்துக் கோயிலிலை. தம்பியும் பாரிசிலை குடுக்கிறவன். வந்த வருசத்திலை இருந்து."

இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருசம். பின்னேரம் ஆறு மணிக்கு மாதா சுரூபத்துக்கு முன்னால் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ஒருத்தி தொடங்க மற்றவள் முடித்து, ஒரே வார்த்தைகளைச் சொல்லிச் செபமாலை ஓதியிருக்கிறோம். கடைசியில் நிமலனுக்காக என்று நான் சொல்ல, நிமலனுக்காக என்று அவளும் சொல்லுவாள். நான் அவனைக் கொண்டுவா என்று கேட்டேன். அவள் அவனை வைத்துக்கொள் என்று கேட்டிருக்கிறாள். இந்த வீட்டில் அவனை உயிரோடு வைத்திருந்தது நான் ஒருத்திதான், அதுவும் மற்றவர்கள் எனக்கு இரங்கி விட்டுக்கொடுத்ததால்.

டிலானியின் கோப்பை முடிந்தது. அவள் கரண்டியை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு பையைப் பார்த்தாள். காலமையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பிள்ளை.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா," என்றாள்.

போட்டேன்.